ஜெனரலின் கடைசிப் பக்கம்

7 மே 1989, ஞாயிறு

கொலேத் பேச ஆரம்பித்ததும் பெர்னா அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். யார் வந்து என்ன பேசினாலும் அக்காவின் கை நிற்காது. பங்குச் சாமியார் வந்தபோதுகூடக் காஜா எடுத்துக்கொண்டேதான் பதில் சொன்னாள். இரண்டு வருடமாகத் தையல் கூடத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறேன். எனக்காக ஒரு தடவைகூட ஊசியை வைத்ததில்லை.

கொலேத் செவ்வாய்க்கிழமைதான் காரைக்காலிலிருந்து வந்தாள். தெருக்கோடியில் அவள் மாமா வீடு. பதினெட்டு வயது, என்னைவிட இரண்டு கூட. நல்ல உயரம். சிரித்தால் ஈறு தெரிகிறது.

பிரெஞ்சுப் புரட்சி நடந்து இருநூறு வருடம் ஆகிறதாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இங்கே சொல்தா என்போம். அவர்களுடைய மண்டபத்தில் ஜூலை பதினாலு அன்று தெருவுக்கு ஒரு நாடகம், பரிசும் உண்டு. எந்தத் தெருவுக்கு எந்தப் பகுதி என்று சீட்டுக் குலுக்கினார்கள். கோயில் தெருவுக்கு பஸ்தீய் சிறையை உடைப்பது. பின் தெருவுக்கு ராஜாவின் தலையை வெட்டுவது. எங்களுக்கு ஐந்து டைரக்டர்கள்.

“சினிமாவா?” என்றாள் அஞ்சலை அக்கா. அவள் பூக்கட்டுகிறவள், மாதர் சங்கத்தின் தலைவி.

“இல்லக்கா. ராஜாவ வெட்டி, அப்புறம் வெட்டுனவங்களயும் வெட்டி, எல்லாம் முடிஞ்ச பின்னால அஞ்சு பேரு சேந்து நாட்ட ஆண்டாங்க. நாலு வருசம். ஒண்ணும் உருப்படல. எகிப்துலேர்ந்து நெப்போலியன் வந்து புடுங்கிக்கினான்” என்றாள் பெர்னா அக்கா. அவளுக்கு பிரெஞ்சு தெரியும்.

“அஞ்சு பொம்பளைங்க சேந்து ஒரு கோலம் போட்டாலே கோணிக்கினு போவுது. அஞ்சு ஆம்பளைங்க நாட்ட ஆண்டானுங்களாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் கொலேத், “அவன் புடுங்கிக்கினப்ப ஜனங்க அழுதாங்களா, இல்ல அப்பாடான்னு இருந்தாங்களா?” என்று கேட்டாள்.

ஊசி கீழே போனது. நானும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தேன். வியாழக்கிழமை அக்கா எனக்கு இந்தக் கதையைச் சொன்னதிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

9 மே, செவ்வாய்

இன்றிலிருந்து நாடகம் எழுதுகிறோம். அக்கா பிரெஞ்சுப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதுகிறேன். நான் எழுதும்போது அக்கா என் தோளுக்கு மேலே குனிந்து பார்ப்பாள். தலையில் சீயக்காய் வாசனை.

நாடகத்தன்று திரை மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலையும் எனக்குத்தான். “செலினு நின்னா எனக்கு தைரியம்” என்றாள் அக்கா. இதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

மாலையில் மண்ணெண்ணெய் வாங்கப் போய் வரிசையில் நின்று வெறுங்கையோடு வந்தேன்.

14 மே, ஞாயிறு

ஐந்து டைரக்டர்களாக மாதர் சங்கத்தின் ஐந்து கமிட்டிக்காரர்கள். அஞ்சலை அக்கா பெரிய டைரக்டர். பெர்னா அக்கா ஜெனரல் நெப்போலியனின் தம்பி. அந்தத் தம்பிதான் ஐந்நூறு பேர் சபைக்குத் தலைவர்.

ஜெனரலாக யார் என்ற பேச்சு வந்ததும் கொலேத்தைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். அவள் நோட்டைக் கையால்கூடத் தொடவில்லை. “நீங்க ஒருவாட்டி சொல்லுங்கக்கா” என்றாள். அக்கா ஒரு முறை சொன்னாள். கொலேத் எழுந்து இடுப்பில் கை வைத்து முழுதாகச் சொல்லி முடித்தாள், ஒரு சொல் விடாமல். அஞ்சலை அக்காவே கட்டிக்கொண்டிருந்த பூவை விட்டுவிட்டுக் கை தட்டினாள்.

நோட்டைத் தொட மாட்டாளாம். மகாராணி.

17 மே, புதன்

கடைசிக் காட்சியில் ஜெனரல் சபைக்குள் வந்து பேச வேண்டும். புத்தகத்தில் அவன் அங்கே உளறிவிட்டான் என்றுதான் இருக்கிறதாம். சபையார் “இவன் துரோகி, இவனுக்குச் சட்டம் இல்லை” (யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்று அர்த்தமாம்) என்று கத்த, பேச்சு வராமல் போய், சிப்பாய்கள் அவனை வெளியே தூக்கிக்கொண்டு வர வேண்டியதாகிவிட்டதாம்.

“உளற்றத போட்டா சிரிப்பாங்க. கத்தல் அடங்கினதும் அவன் நல்லா ஒரு பேச்சு பேசட்டும். உனக்குத் தோண்றத எழுதுடி” என்றாள் அக்கா.

ஒரு பக்கம் எழுதினேன். அக்கா படித்தாள், மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். “நீயா?” என்றாள். “நான்தான் எழுதினேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா” என்று கெஞ்சினேன். அவள் சரி என்றாள்.

துணி துவைக்கும் கல்லில் நின்று அந்தப் பேச்சைச் சொல்லிப் பார்த்தேன். குழாய் திறந்திருந்ததால் யாருக்கும் கேட்டிருக்காது.

28 மே, ஞாயிறு

டைரக்டர்களின் தொப்பிக்கு இறகு என்ன நிறம் என்று காலை பத்து மணியிலிருந்து பேசினார்கள். சிவப்பு என்றது ஒரு கட்சி. நீலம் என்றது இன்னொன்று. மீசை வைக்கலாமா என்று அதிலே ஒரு கிளை. பன்னிரண்டரைக்கு ஓட்டெடுத்தார்கள். ஐந்து பேரில் இரண்டுக்கு இரண்டு, அஞ்சலை அக்கா யாருக்கும் போடவில்லை. “எனக்கு ரெண்டு பேரும் சொந்தக்காரங்க” என்றாள்.

கொலேத் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து கோழி இறகு மூட்டையைத் தூக்கினாள். “அஞ்சுக்கும் செவப்பு. மீசை கெடையாது. நானே சாயம் போட்டுக் கொண்டாறேன்.”

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஐந்து பேருக்கும் முகம் தெளிந்துவிட்டது. சோறு வடிக்க வேண்டும் என்று எழுந்து போனார்கள். பெர்னா அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். “பாத்தியாடி, நம்ம நாடகம் இங்கயே நடக்குது.”

நான் சிரிக்கவில்லை. நாடகத்தில் இந்த இடத்தை எழுதியவள் நான். அடுத்த காட்சி என்ன என்றும் எனக்குத் தெரியும்.

4 ஜூன், ஞாயிறு

கொலேத் இன்று பெர்னா அக்கா வீட்டில் மதியம் சாப்பிட்டாள். வஞ்சிர மீன்.

6 ஜூன், செவ்வாய்

ஜெனரலின் கோட்டுக்கு அக்கா தன் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பாவாடையின் சரிகையைப் பிரித்துவிட்டாள். நின்றுபோன கல்யாணம். அந்தப் பாவாடையைப் பெட்டியில் ஒரே ஒரு முறை எனக்குக் காட்டியிருக்கிறாள். தொடக்கூடாது என்று சொல்லிக் காட்டினாள்.

கொலேத்துக்கு அளவெடுத்தபோது அக்கா டேப்பைப் பிடித்தாள். நான் எண்களைக் குறித்தேன். மார்பு முப்பத்திரண்டு என்றாள், முப்பத்து நான்கு என்று குறித்தேன். காதில் சரியாக விழவில்லை.

11 ஜூன், ஞாயிறு

இதை எழுதக் கை வரவில்லை. இன்று ஒத்திகையில் கொலேத், “வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் வேணாங்க்கா” என்றாள்.

“ஏண்டி?”

“தெரைக்குப் பின்னால நோட்ட வச்சிகினு ஒருத்தி நின்னா ஜெனரலுக்கு அசிங்கம். அத்தினி பேரையும் மெரட்டி வைக்கிறவன் பக்கத்துல திரும்பித் திரும்பிப் பாத்தா நல்லாவா இருக்கும்? எல்லாரும் மனப்பாடம் பண்ணட்டும்.”

“அப்ப செலினு?”

“எறகு ஒட்டட்டும். நல்லா ஒட்றா.”

கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் கொலேத்தைப் பார்த்தார்கள், அக்காவைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். அக்கா ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். ‘செலினு நின்னா எனக்கு தைரியம்’ என்று சொன்னவள்தானே.

“பாக்கலாம்” என்றாள் அக்கா.

பாக்கலாம்!

எனக்கு இந்த நாடகத்தில் அந்த ஒரு இடம்தான் இருக்கிறது. திரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்றரை அடி. அதையும் கேட்கிறாள்.

13 ஜூன், செவ்வாய்

ஒத்திகைக்கு நோட்டை எடுத்துப் போக மறந்துவிட்டேன்.

15 ஜூன், வியாழன்

இன்றும் மறந்துவிட்டேன். அம்மாவுக்கு மூச்சு இழுப்பு, வேலை அதிகம், மறக்கத்தான் செய்யும். இரண்டாவது டைரக்டர் தன் வசனத்தை நான்காவது டைரக்டரிடம் சொன்னாள், நான்காவது டைரக்டர் அதற்கு நன்றி சொன்னாள். அஞ்சலை அக்கா வசனம் மறந்து, “நாட்டு நெலம சரியில்ல, நாளைக்கு வாங்க” என்று எல்லோரையும் அனுப்பிவிட்டாள். “நோட்டும் செலினும் இல்லாம ஆவாதும்மா” என்று அவளே சொல்லிவிட்டாள்.

அதனால் என் ஒன்றரை அடி இப்போதைக்கு இருக்கிறது.

20 ஜூன், செவ்வாய்

கொலேத் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா உள்ளே படுத்திருந்தாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வந்தவள் கேட்காமலே முறத்தை வாங்கிப் புடைக்க ஆரம்பித்தாள். என்னைவிட நன்றாகப் புடைக்கிறாள்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். பெர்னா அக்காவுக்குத் தெரியக் கூடாது.”

நான் சிந்திய அரிசியைப் பொறுக்கினேன்.

“எனக்குப் படிக்க வராது. மூணாவதோட நிறுத்திட்டாங்க. ஒரு வூட்ல வேலைக்கு வுட்டாங்க. என் பேரு எழுதுவேன். அவ்ளோதான்.”

முறத்தைத் தட்டி உமியை ஊதினாள்.

“நீ நோட்டோட நிக்க வேணான்னு சொன்னது கோவந்தான உனக்கு? நான் மறந்தா நீ நோட்ட நீட்டுவ, பாருன்னுவ. அத்தினி பேரு முன்னால அத வாங்கி நான் இன்னா பண்றது?”

“நான் ஏன் நீட்டப் போறேன்? வாயால சொல்லுவேன்” என்றேன்.

“எனக்கு அது தெரியல.” பிறகு, “பெர்னா அக்கா இதுவரைக்கும் சொன்னதெல்லாம் மனசுல நிக்கிது. மீதிய நீ படிச்சிக் காட்றியா? தெனம் மத்தியானம் வர்றேன். ஒருவாட்டி கேட்டா போதும்.”

போகும்போது, “நீ ஏன் பள்ளிக்கூடம் நின்ன?” என்றாள்.

“அம்மாவுக்கு முடியல.”

“எப்பலேர்ந்து?”

“நான் ஒம்பதாவது படிக்கும்போது. எழுந்து நின்னு பாடம் வாசிக்கச் சொன்னாங்க, அப்ப கொரலு ஒடஞ்சி எல்லாரும்...” அங்கே நிறுத்திக்கொண்டேன். அம்மாவுக்கு அந்த வாரம்தான் இழுப்பு அதிகமானது. அதுதான் காரணம்.

கொலேத் முறத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவளை அக்கா என்று கூப்பிட இன்னும் வாய் வரவில்லை.

29 ஜூன், வியாழன்

தினமும் வருகிறாள். கதவைச் சாத்திவிட்டுப் படித்துக் காட்டுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். ஒரு நாள், “உன் தொண்ட நல்லா இருக்குடி, ரேடியோ மாதிரி” என்றாள். அன்றைக்கு இரண்டு பக்கம் அதிகம் படித்தேன்.

சாயங்காலம் அக்கா எல்லோர் முன்னாலும், “கொலேத்து மாதிரி மனப்பாடம் பண்ணுங்கடி. ராத்திரி பகலா உக்காந்து படிச்சிருக்கா” என்றாள். கொலேத் என்னைப் பார்த்தாள். நான் இறகு ஒட்டினேன்.

5 ஜூலை, புதன்

சரிகைக் கோட்டு தயார். மார்பு தளர்வாக இருந்ததால் அக்கா உட்கார்ந்து பிரித்து மறுபடியும் தைத்தாள். கொலேத் போட்டுக்கொண்டு நின்றபோது அக்கா இரண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்தாள். “என் ராசா” என்றாள்.

இன்னும் ஒரு பக்கம்தான் படித்துக் காட்ட வேண்டும். கடைசிப் பக்கம், நான் எழுதிய பேச்சு. ஒத்திகையில் அந்த இடம் வந்தால், “அது மேடையில பாத்துக்கலாம், தொண்டைய காப்பாத்திக்க” என்று அக்கா நிறுத்திவிடுகிறாள்.

இன்று அம்மாவுக்குக் கஷாயம் வைக்க நேரமாகிவிட்டது. நாளைக்குப் படிக்கலாம் என்றேன்.

9 ஜூலை, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து தலைவலி. நாளைக்குப் படிக்கலாம் என்றேன்.

12 ஜூலை, புதன்

தண்ணீர் வரவில்லை, கிணற்றுக்குப் போக வேண்டியிருந்தது. கொலேத் இரண்டு குடம் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். “அந்தக் கடைசிப் பக்கம் செலினு?” என்றாள். வழியில் ஆட்கள் இருந்தார்கள்.

13 ஜூலை, வியாழன்

கொலேத் வந்தபோது நான் வீட்டில் இல்லை என்று அம்மாவைச் சொல்லச் சொன்னேன். அம்மா சொன்னாள். எனக்கு உண்மையிலேயே நிறைய வேலை இருந்தது. எப்படியும் நான் திரைக்குப் பின்னால் நிற்பேன். அவளுக்கு வேண்டுமென்றால் அங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன். நான் எடுத்துக் கொடுத்தால்தான் ஜெனரலுக்குப் பேச்சு வரும். அவ்வளவுதான். இதில் தப்பு ஒன்றுமில்லை.

14 ஜூலை, வெள்ளி

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுகிறேன்.

மண்டபம் நிரம்பி வெளியிலும் நின்றார்கள். முன் வரிசையில் சொல்தாக்கள், மார்பில் மெடலோடு. எங்கள் நாடகம் ஆறு மணிக்கு ஆரம்பித்தது. ஐந்து டைரக்டர்களும் சிவப்பு இறகோடு வரிசையாக உட்கார்ந்ததுமே சிரிப்பு. அஞ்சலை அக்கா, “கஜானா காலி, பட்டாளம் பட்டினி, நாம இன்னா பண்ணலாம்?” என்று கேட்க, மற்ற நால்வரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். “எங்க சங்கம் மாதிரியே கீதுய்யா” என்று ஒரு சொல்தா கத்தினார். கொலேத் எகிப்திலிருந்து வந்து இறங்கியபோது விசில் பறந்தது. டைரக்டர்கள் அவளிடம் ஒவ்வொருவராக வந்து, மற்ற நால்வரையும் விரட்டி விடு, உனக்கு நான் துணை என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். ஐந்து பேருக்கும் சரி என்றாள். கொலேத் சரி என்று சொன்ன விதத்தில் எனக்கே உடம்பு சிலிர்த்தது.

கடைசிக் காட்சி. சபையார் எல்லோரும் எழுந்து, “துரோகி! இவனுக்குச் சட்டம் இல்லை!” என்று கத்தினார்கள். கொலேத் நடுவில் நின்றாள். கத்தல் அடங்கியது. அவள் பேச வேண்டும்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

நோட்டு திறந்து என் கையில் இருந்தது. எனக்கு நோட்டே வேண்டியதில்லை, அது என் பக்கம். முதல் வரி நாக்கு நுனியில் இருந்தது. எனக்கும் அவளுக்கும் நான்கு அடி தூரம். அவள் உதட்டைப் பார்த்தேன். சரிகையைப் பார்த்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வியர்வை தாடையிலிருந்து கோட்டில் விழுந்தது. வாயைத் திறந்தாள், மூடினாள். சபைத் தலைவர் நாற்காலியிலிருந்து பெர்னா அக்கா கொலேத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதன் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து மரக்கத்தியை உருவி, “சிப்பாய்களே! உங்க ஜெனரல கொல்லப் பாக்கறாங்க! உள்ள வாங்க!” என்று அவளாகவே கத்தினாள். தப்பு மேளம் முழங்கியது. சிப்பாய்கள் வந்தார்கள். சபையார் சன்னல் வழியாகக் குதித்தார்கள்.

திரை விழும் முன்பே முன் வரிசையில் ஒரு கிழவர் எழுந்து நின்றுவிட்டார். “அதான்! அப்படித்தான் ஆச்சி! பேச்சு வராம நின்னான், தம்பிதான் காப்பாத்துனான்! புஸ்தகத்துல படிச்சவன் நானு! இந்தப் பொண்ணு நின்னுது பாரு, அதான்யா நடிப்பு!” மண்டபம் முழுதும் கை தட்டியது.

முதல் பரிசு எங்களுக்கு. கொலேத்தைத் தூக்கிக்கொண்டார்கள்.

நான் எழுதிய பேச்சை யாரும் கேட்கவில்லை.

15 ஜூலை, சனி

தையல் கூடத்துக்குப் போகவில்லை. அம்மாவுக்கு இழுப்பு. அம்மா, “எனக்கு ஒண்ணும் இல்லடி, நீ போ” என்றாள்.

16 ஜூலை, ஞாயிறு

போனேன். எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். கோட்டை மடித்துக்கொண்டிருந்த பெர்னா அக்கா நிமிரவில்லை. நான் என் மணையில் உட்காரலாமா என்று தெரியாமல் நின்றேன்.

“வாம்மா, ஏன் நிக்கிற?” என்றாள் அஞ்சலை அக்கா. “நம்ம ஜெனரல பாரு, ரெண்டு நாளா ஆளு ஆளா வந்து பாத்துட்டுப் போறாங்க. எப்படிடி அப்படி நின்ன? யாரு சொல்லிக் குடுத்தா?”

கொலேத் இப்போது சொல்லிவிடுவாள். சொல்லட்டும். அக்கா கோட்டை மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

கொலேத் ஈறு தெரியச் சிரித்தாள். “எனக்கு மீதி வசனம் தெரியாதுக்கா. அதான் நின்னேன்.”

“போடி, வெளையாடாத!”

“நெசமாத்தான். எனக்குப் படிக்க வராது. நோட்டுல இருந்ததெல்லாம் செலினு வாயால கேட்டதுதான். ஒரு பக்கம் பாக்கி நின்னுபோச்சி.”

யாரும் சிரிக்கவில்லை. பெர்னா அக்கா மெதுவாக, “படிக்க வராதா?” என்றாள். அது அவளுக்கும் புதிது. என்ன பாக்கி, ஏன் பாக்கி என்று அவள் என்னைக் கேட்டிருக்கலாம். கொலேத்தும் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.

“அந்த ஜெனரலு அங்க இன்னாதான் பேசியிருப்பான்? ரெண்டு நாளா அதேதான் மண்டையில ஓடுது. படிடி” என்றாள் கொலேத்.

நான் பெர்னா அக்காவைப் பார்த்தேன். “அது செலினு எழுதுனது” என்றாள் அவள், யாரையும் பார்க்காமல்.

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். ஏழு பேர் இருந்தார்கள், கதவு திறந்திருந்தது, தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. கடைசிப் பக்கத்தைப் பிரித்து முதல் வரியைப் படித்தேன். குரல் உடைந்தது. மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.